முறுக்குக்குத் தகப்பன் யார் என்று திருக்கோகர்ணத்தில் மூண்ட போர்

வாழிய வசந்தன்! வெள்ளாற்று வளநாட்டின் தலைநகராம் புதுக்கோட்டையின் வடபால், டவுன்பஸ்கள் பிளிற, ஆட்டோக்கள் கனைக்க, கோபுர நிழலும் பேனர் நிழலும் பின்னிக் கிடக்கும் திருக்கோகர்ணத் திருவீதியில், பம்புசெட் விற்கும் கடையின் உச்சந்தலைமேல் எழுந்த ஒற்றை மாடத்தே வீற்றிருந்து, விசைப்பலகை அதிர நிரல்மாரி பொழிந்த வித்தகன் வாழிய! குன்றாண்டார்கோவில் அடைக்கலம் பெற்றெடுத்த குலக்கொழுந்து, சட்டையால் துடைத்தால் கண்ணாடி அழுக்காகும், கண்ணாடியைத் துடைத்தால் சட்டை அழுக்காகும் என்று ஆய்ந்தறிந்து இரண்டையும் அப்படியே விட்டுவைத்த துறவுள்ளத்தோன் வாழிய! கதவுப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தலைக்கவசத்தின் பின்புறத்திலும் ‘கு. அ. வசந்த்’ என்று பொறித்துக்கொண்டவன் அவன். முதலில் ஊர், அடுத்துத் தகப்பன், அதற்கப்புறந்தான் தான். இந்தப் பணிவு அவனை எந்தக் களத்தில் கொண்டுபோய் நிறுத்திற்று என்பதே யாம் பாடவிருக்கும் காவியம்.

பாடத் தொடங்குமுன் மின்னென்னும் அன்னையை வணங்குகிறோம். தாயே, கம்பிவழி வரும் கருணையே, வெள்ளிக்கிழமை மதியந்தொட்டு மாலைவரை நீ இத்தெருவை விட்டு அகலாது நின்றதனால் அல்லவோ இப்போர் நடந்தது. நீ வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தால் எங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இராது.

இனி, போரின் மூலம் யாது எனில் கேண்மின். இணையம் என்னும் எல்லையற்ற பெருநாட்டில் கடை வைத்திருப்போர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர் உண்டு. அதை டொமைன் என்பர். நடுநடுவே புள்ளி வைத்த பெயர் அது. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம், ஊர்ஊராக உள்ள சிறுகடைக்காரர்களுக்கு இப்பெயர்களைப் பதிந்து கொடுத்துப் பராமரித்து வந்தது. அந்த நிறுவனத்தின் மூன்றுபேர் கொண்ட கிளையே பம்புசெட் கடை மாடியில் இருந்தது. அந்தோ, அங்கே பெயர்களெல்லாம் வெறும் எழுத்துச் சரங்களாய், கோத்தவன் விட்டுப்போன பூச்சரம்போல், தாய் தகப்பன் தெரியாமல் கிடந்தன. பெரிய எழுத்தில் அடித்தால் ஒருவன், சின்ன எழுத்தில் அடித்தால் வேறொருவன் என்று கணினி மயங்கிற்று.

இந்த அவலம் கண்டு பொறாத வசந்தன், ‘ஒவ்வொரு பெயரையும் உயிருள்ள பொருளாக, ஆப்ஜெக்டாக, ஆக்குவேன். நீ யாரென்று கேட்டால் அது தன்னைச் சொல்லும். உன் தகப்பன் யாரென்று கேட்டால் தகப்பனைக் காட்டும். இன்னான் உனக்கு வாரிசா என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ மார்தட்டி உரைக்கும். அப்படியொரு லைப்ரரி, எவரும் எடுத்தாளத்தக்க நிரல்தொகுதி, படைக்காமல் இந்தச் செருப்பைக் கழற்றேன்’ என்று சபதம் பூண்டான். சபதம் பூண்ட இடம் டீக்கடையாதலால் கேட்டவர் பலர். விளங்கியவர் ஒருவரும் இலர். செருப்பை மட்டும் அன்று ராத்திரியே கழற்றினான் என்று அவன் வீட்டு மாடிப்படியோரம் குடியிருப்போர் சொல்கிறார்கள்.

சபதத்தோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன? சென்னையிலிருந்து ஓலை வந்தது. ஓலை என்றது மின்னஞ்சலை. ‘வெள்ளி மாலை ஆறு மணிக்குள், உம் கிளையின் ஷீபா படித்துத் தந்த ஒப்புதலோடு, அந்த லைப்ரரி எம்மிடம் வந்து சேர்க. சேர்ந்தால் அடுத்த வேலையும் அங்கேயே. சேராவிடில் அக்கிளை வேண்டா. மூவரும் திங்களன்று சென்னைக்குப் புறப்பட்டு வருக’ என்பது அதன் சாரம். படித்த வசந்தனின் நெஞ்சு, பஸ் டாப்பில் இருந்து தவறி விழுந்த பூசணிபோல் ஆயிற்று.

ஏன் எனில், அவனுக்குத் தேவிப்ரியா என்றொரு மனைவி உண்டு. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, மாற்றல் கேட்டு எழுதிக் கெஞ்சி இப்போதுதான் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு வந்தவள். கல்யாணமான முதல் ஆடியில் மாமியார் வீட்டார் வழக்கப்படி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனதை, ஆவணி போய்ப் புரட்டாசி போன பின்னும் சொல்லிச்சொல்லி மாய்ந்தவன் நம் தலைவன். அவ்வொரு மாதத்தில் அவன் தானே பொங்கித் தின்ற சோற்றின் வாசனை இத்தெருவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. சென்னைச் செய்தியை அவன் சொன்னபோது அவள் காய் நறுக்கும் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

“தாராளமாப் போங்க. நா வரமாட்டேன். இந்த ஸ்கூலு கெடைக்க நா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க மாசத்துக்கு ஒருக்கா வாங்க, சாம்பார் வச்சுத் தாரேன்.”

ஒரே மாதத்தில் முடிகிற ஆடியையே தாங்காத மனம், முடிவென்பதே இல்லாத ஒரு பேராடியை எங்ஙனம் தாங்கும்? ஆகவே வசந்தன் உண்ணாமல் உறங்காமல் நிரல் எழுதினான். உண்ணாமல் என்றது மரபுக்காக. டீக்கடை வடையும் உப்புக்கண்டமும் கணக்கில் வாரா.

அவனை எதிர்த்து நின்ற வீராங்கனையையும் பாடாவிடில் பாவம் வந்து சேரும். ஷீபா என்பது அவள் திருநாமம். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துப் பிழை தேடி ஒப்புதல் தரவேண்டும் என்பது அவர்கள் தொழில்தர்மம். அத்தருமத்தின் வாயிற்காவலி அவள். அரிசியில் கல் பொறுக்குவாள்போல் தலைசாய்த்துத் திரையைப் பார்க்கும் பழக்கத்தாள். ‘பரவாயில்லை’ என்ற சொல்லைத் தன் அகராதியினின்றும் பிறந்த அன்றே கிழித்தெறிந்தவள். அவளுக்கும் சென்னை வேம்பே. கல்லூரிக் காலம் முழுதும் அங்கே விடுதிச் சோறு தின்று தேறியவள், அந்த ரசத்தை நினைத்தால் இன்றும் முகம் கோணும். ஆனாலும் பொய்யான நிரலுக்குக் கைநாட்டு வைப்பதினும் அந்த ரசத்தைக் குடிப்பதே மேல் என்னும் கொள்கைக் குன்று அவள்.

இவ்விருவர்க்கும் நடுவே, ஃபிளாஸ்க்கைச் செங்கோலாகப் பிடித்து அரசோச்சினார் கிளைக்கோமான் ஜெபக்குமார். எந்தச் சண்டையிலும் இருபக்கமும் தலையாட்டக் கூடிய அரிய கழுத்து அவருக்கு.

வெள்ளி உச்சிவேளை கடந்தது. சாம்பார்சாத மணம் மாடத்தை விட்டு நீங்கிற்று. வசந்தன் தன் படைப்பை ஷீபாவின் திரைக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி, போருக்கு வந்த மாவீரன் போலும் பல்வலிக்கு வந்தவன் போலும் ஒருசேர அமர்ந்தான். ஷீபா தலைமுடியை முடிந்து கிளிப் போட்டாள். கிளிப்பின் ‘டக்’ என்ற ஓசையே அங்கே முரசாயிற்று.

முதற்கணை புறப்பட்டது. ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒருமுறையும் சின்ன எழுத்தில் ஒருமுறையும் அடித்து, ‘இவ்விருவரும் ஒருவரா?’ என்று வசந்தனின் பொருளை வினவினாள். ‘ஒருவரே’ என்றது பொருள். கணை முறிந்தது. இரண்டாங்கணை, பெயரின் கடைசியில் ஒரு புள்ளியை அநாதையாய்த் தொங்கவிட்டு வந்தது. எல்லாப் பெயர்க்கும் மூலமான வேரைக் குறிக்கும் புள்ளி அது. அதையும் அடையாளங்கண்டு ‘இவனும் அவனே’ என்றது பொருள். மூன்றாங்கணை, இரண்டு புள்ளிகளை ஒட்டிவைத்து நடுவே பெயரே இல்லாமல் பாய்ந்தது. ‘இவன் பெயரே அன்று’ என்று வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளிற்று பொருள். மூக்கு நீண்ட பெயரை ஏவினாள், எல்லை தாண்டினாய் என்று தடுத்தது. இடைவெளி வைத்த பெயரை ஏவினாள், இங்ஙனம் வராதே என்று திருப்பி அனுப்பிற்று. அறுத்துப்போட்ட கரும்புக் கழிகள்போல் அவள் கணைகள் தரையெல்லாம் கிடந்தன. வசந்தனின் புன்னகை ஒரு காதில் தொடங்கி மறுகாதை நோக்கி நடந்தது.

“என்ன ஷீபா, பொத்துன்னு அப்ரூவ் பட்டன அமுக்கிட்டு வாங்க, டீ சாப்பிடுவோம்,” என்றான்.

“இருங்க, ஒண்ணே ஒண்ணு பாக்கி,” என்றாள் ஷீபா. “இதோட அப்பா யாருன்னு கேட்டுப் பாத்தர்றேன்.”

அப்போது அவள் ஏவியதே அந்த அறுதிக்கணை. சோதனைக்கென்று தானே புனைந்த ஒரு முறுக்குக் கடைக்கு ‘முறுக்கு.இன்’ என்று பெயரிட்டாள். அக்கடையின் கடிதப்பெட்டிக்கு ‘மெயில்.முறுக்கு.இன்’ என்று பெயர் வைத்தாள். உலக வழக்கில் கடைசியில் நிற்பதே மூத்தது. ‘இன்’ என்பது இந்திய நாட்டைக் குறிக்கும் பாட்டன், அவன் வயிற்றில் ‘முறுக்கு’, அதன் வயிற்றில் ‘மெயில்’. இதைத் தொழிலில் இருக்கும் சிறுபிள்ளையும் அறியும். வசந்தனும் அறிவான். அறிந்ததெல்லாம் தலையில். நிரல் எழுதியது கை. பள்ளி வருகைப் பதிவேடு தொட்டு ரேஷன் அட்டை ஈறாக, புள்ளிக்கு முன்னால் நிற்பவன் மூத்தவன், பின்னால் நிற்பவன் இளையவன் என்று எழுதி எழுதித் தேய்ந்த கை. அந்தக் கை தலையைக் கேளாமலே தன் குலவழக்கப்படி எழுதிவிட்டது.

‘மெயில்.முறுக்கு.இன் என்பாய், உன் தலைமூதாதை யார்?’ என்று ஷீபா கேட்டாள்.

‘மெயில்’ என்றது பொருள், கூச்சமின்றி.

‘முறுக்கு, உன் பிள்ளை யார்?’

‘இன்’ என்றது பொருள்.

ஷீபா நாற்காலியை மெல்லத் திருப்பினாள்.

“வசந்த், இங்கிட்டு வாங்க. இந்தியா முறுக்குக்குப் பொறந்துச்சாம்ல.”

ஜெபக்குமார் ஃபிளாஸ்க்கோடு எழுந்து வந்தார். ஷீபா விட்டாளா? உலகத்துக் கடைகளில் முக்காலும் தம் பெயர்க்கு முன்னே மூன்று ‘டபிள்யூ’ போட்டுக்கொள்பவை அல்லவா? அவற்றை வரிசையாக உள்ளே அனுப்பினாள். துணிக்கடை வந்தது, ‘என் தகப்பன் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ என்றது. ஆஸ்பத்திரி வந்தது, ‘அவரே எனக்கும்’ என்றது. வங்கி, கல்லூரி, கல்யாண மண்டபம், உரக்கடை எல்லாம் வந்து வந்து அந்த ஒரே தகப்பனின் காலில் விழுந்தன. இத்தனை பிள்ளைகளைப் பெற்ற ஒருவனை இம்மாவட்டம் கண்டதில்லை.

“தம்பி,” என்றார் ஜெபக்குமார், “அப்ப ஒலகமே பங்காளியா?”

அவ்விடத்தே மற்றொருவனாயின் தலைகுனிந்து, திருத்தி, தேநீர் அருந்தியிருப்பான். வசந்தனோ காவியத் தலைவன். பிழையைப் பிழை என்று ஒப்புக்கொண்டால் காவியம் அங்கேயே படுத்துவிடும். ஆகவே எழுந்து நின்றான். காலர் நிமிர்ந்தது. பிடரி சிலிர்த்த சிங்கம் என்று சொல்வதற்குப் போதிய முடி அவனுக்கு இல்லை என்பது உண்மையே, இருந்த அளவுக்குச் சிலிர்த்தது. பம்புசெட் கடைக்காரர் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் வண்ணம் முழங்கினான்.

“நாந் தப்பில்ல. இன்டர்நெட்டுதான் தப்பு. பேர எவனாவது புள்ளையிலேர்ந்து ஆரம்பிப்பானா? கு. அ. வசந்த். குன்றாண்டார்கோவிலு, அடைக்கலம், அப்பறந்தான் நானு. பெரியவங்கள முன்னாடி நிறுத்தி நம்ம பின்னாடி நிக்கிறதுதான மரியாத? அவனுக தலகீழா எழுதிவச்சதுக்கு நா என்ன பண்றது?”

“நல்ல நாயந்தான்,” என்றாள் ஷீபா. “ஆனா இன்டர்நெட்டுக்கு ஒங்க அப்பாவத் தெரியாதே.”

“தெரியாட்டி தெரிஞ்சுக்கட்டும்.”

“சரி, இப்ப என்ன செய்யலாங்கிறீங்க? ஒலகத்துல இருக்குற அத்தனை கடைக்காரனையும் போர்ட மாத்தச் சொல்லிருவமா? ஆறு மணிக்குள்ள முடியுமா?”

இவ்வாறு தொடங்கிய சொற்போர், மதில்மேல் இரு பூனைகள் வழிமறித்து நின்றாற்போல் நெடுநேரம் நீண்டது. அவன் நாட்டு மரபை எறிந்தான், அவள் உலக மரபால் அதை வாங்கித் திருப்பி வீசினாள். அவன் குலப்பெருமையைக் கேடயமாக்கினான், அவள் திரையைத் திருப்பிக் காட்டி அக்கேடயத்தில் முறுக்குக்குப் பிறந்த இந்தியாவை ஆணியடித்தாள். ஜெபக்குமார் அவன் பேசும்போது “அதுஞ் சரிதான்” என்றும், அவள் பேசும்போது “ஆமால்ல” என்றும் இருதரப்புக்கும் அம்பு எடுத்துக் கொடுத்தார். கடிகாரத்தின் சின்னமுள், கூட்டத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னேறும் கிழவிபோல், நான்கைக் கடந்து ஐந்தை நோக்கிச் சென்றது.

கடைசியில் பொறுமை இழந்தாள் வாயிற்காவலி. “எதுக்கு இந்த ஆப்ஜெக்ட்டு, அப்பா, தாத்தா, குடும்ப விருட்சம் எல்லாம்? வெறும் எழுத்தாவே கெடக்கட்டும். கடைசியில ‘முறுக்கு.இன்’னு முடிஞ்சா அது முறுக்குக் கடையோட புள்ள. முடியாட்டி இல்ல. ஒரு வரி. இந்தா, நானே எழுதிர்றேன்,” என்று சொல்லி, ஒற்றைக் கையால் ஒற்றை வரியை ஒற்றை மூச்சில் எழுதி, வசந்தனின் நாள்கணக்கான உழைப்பின் தலையிலே தூக்கி வைத்தாள். பட்டத்து யானை நின்ற இடத்தில் கட்டெறும்பு ஏறி நின்றாற்போல் இருந்தது அந்த வரி. ‘மெயில்.முறுக்கு.இன்’ என்பதைக் கொடுத்தாள். பிள்ளைதான் என்று எறும்பு சொல்லிற்று. ஜெபக்குமார் அப்பாடா என்று ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

வீழ்ந்தான் வசந்தன் என்று தெருவே நினைத்த அந்த வேளை, அவன் சட்டைப்பையில் கைபேசி நடுங்கிற்று. மறுமுனையில் தேவிப்ரியா.

“ஏங்க, முடிஞ்சுச்சா?”

“முடியப்போவுது.”

“முடியப்போவுதுன்னா? நா பெட்டிய எறக்கித் தொடச்சு வைக்கவா, பரண்லயே கெடக்கட்டுமா?”

“கெடக்கட்டும்,” என்றான் வசந்தன், தன் குரல் தனக்கே கேளாதபடி.

“சரி. சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் வைத்துவிட்டாள். அவ்வளவே பேச்சு. ஆயினும் பெட்டி பரணிலேயே கிடக்கட்டுமா என்று அவளாகவே கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பதைக் கட்டியவன் அறிவான். சாம்பார் வைத்துத் தருவதாகச் சொன்ன வாய் அது, மாதம் ஒருமுறை வைக்க அதற்கும் விருப்பமில்லை என்பது அந்தக் கேள்வியில் ஒலித்தது.

வசந்தன் திரையை நோக்கினான். நெற்றிக்கண் இல்லாத குறையைக் கண்ணாடி தீர்த்தது. எதிரியின் ஒற்றை வரியை மேலும் கீழும் பார்த்தான். அதன் நெஞ்சில் ஓர் ஓட்டை தெரிந்தது. மெல்ல விசைப்பலகையைத் தன்பால் இழுத்து, புதிதாய் ஒரு பெயரை அடித்தான்: ‘கைமுறுக்கு.இன்’.

“ஷீபா, இது யாரு?”

“யாரோ வேற கடை. போட்டிக் கடைன்னு வச்சுக்கங்க.”

“ஒங்க வரியக் கேளுங்க.”

கேட்டாள். ‘கைமுறுக்கு.இன்’ என்னும் எழுத்துச் சரத்தின் கடைசியிலும் ‘முறுக்கு.இன்’ தான் நிற்கிறது. ஆகவே, ‘இவனும் முறுக்குக் கடையின் பிள்ளையே’ என்றது எறும்பு. எதிர்க்கடைக்காரன் வெறுங்கையை வீசிக்கொண்டு உள்ளே வந்து, கல்லாவில் உட்கார்ந்து, ‘அப்பா’ என்று அழைத்த அந்தக் காட்சியை மூவரும் தம் அகக்கண்ணால் கண்டனர். புள்ளி எங்கே விழுகிறது என்று பாராத வெற்றெழுத்துக்கு மகனும் ஒன்றே, மாற்றானும் ஒன்றே. உறவு பிரித்தறிய ஒரு பொருள் வேண்டும் என்று வசந்தன் சபதம் பூண்டது இதற்காக அல்லவா?

“போட்டிக் கடைக்காரன் சொத்துல பங்கு கேப்பானே,” என்றார் ஜெபக்குமார் கவலையோடு.

ஷீபாவின் முகம் சிவந்தது. கொள்கைக் குன்றின் உச்சியில் ஒரு கல் உருண்டது. ஆயினும் அவள் வீரத்தாய் மகள். பொய்ந்நிரல் பிறருடையதாயினும் தன்னுடையதாயினும் பொய்ந்நிரலே என்பதால், தான் எழுதிய அந்த வரியைத் தானே அழித்தாள். களத்தில் இப்போது இரண்டு தேரும் அச்சு முறிந்து கிடந்தன. அவன் பொருள் தகப்பனை மாற்றிச் சொல்லும், அவள் வரி பிள்ளையை மாற்றிச் சொல்லும். கடிகாரமோ ஐந்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. கீழே பம்புசெட் கடையில் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டார்கள். அந்தப் புகை மேலேறி வந்து போர்க்களப் புழுதியின் வேலையைச் செய்தது.

அப்புகையினூடே, சற்றும் எதிர்பாராத வண்ணம், தணிந்த குரலில் பேசினாள் ஷீபா.

“வசந்த், ஒங்க ஆப்ஜெக்ட்டு நல்லாத்தான் இருக்கு. ஊரு, அப்பா, புள்ளங்கிற வரிசையும் நல்லாத்தான் இருக்கு. உள்ள அப்பிடியே வச்சுக்கங்க. வெளியேர்ந்து பேரு வரும்போது கடைசியிலேர்ந்து முன்னுக்கு வாசிச்சு வாங்கிக்கங்க. திருப்பிக் கேட்டா, திரும்ப மாத்திக் குடுத்துருங்க. உள்ள ஒங்க வழக்கம், வெளிய அவனுக வழக்கம்.”

வசந்தன் திகைத்தான். உள்ளே ‘இன், முறுக்கு, மெயில்’ என்று மூத்தோர் முன்னே நிற்க, இளையோர் பின்னே கைகட்டி நிற்பர். ஒருவன் இன்னொருவனுக்கு வாரிசா என்று அறிய, மூத்தவரிலிருந்து ஒவ்வொரு பெயராய் ஒப்பிட்டு வந்தால் போதும். ‘இன்’னும் ‘இன்’னும் பொருந்தும், ‘முறுக்கு’ம் ‘கைமுறுக்கு’ம் பொருந்தா, போட்டிக் கடைக்காரன் வாசலோடு போவான். அவன் குலவழக்கு பிழையன்று. அதை எந்தப் பக்கத்து வாசலில் காட்டுவது என்பதில்தான் பிழை. தோல்வியும் வெற்றியும் ஒரே இலையில் பரிமாறப்பட்ட அந்தக் கணத்தில், அவன் உண்டது எதை என்று அவனே அறியான். ‘திருப்பு’ என்னும் ஒற்றைச் சொல்லை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சேர்த்தான். போர் முடிந்தது என்று எண்ணிப் பொத்தானை அமுக்கினான்.

முடிந்ததா? அந்தோ, அப்போதன்றோ கொடுமையிலும் கொடுமை நிகழ்ந்தது. தன் படைப்பைக் காக்கவென்று அவன் தானே திரட்டி வளர்த்த ஒரு காவற்படை உண்டு. டெஸ்ட் என்பது அதன் பெயர். அதில் ஒவ்வொரு வீரனுக்கும் ‘முதலில் நிற்பவனே தகப்பன்’ என்று அவனே பாலூட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தான். இதுகாறும் பச்சை உடுத்தி, வாழ்க வாழ்க என்று அணிவகுத்து நின்ற அவ்வீரர்கள், நிரல் திருந்திய மறுநொடி, மரபு கெட்டது, மரியாதை போயிற்று என்று கூவிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராய்ச் சிவப்பு உடுத்திக் கிளர்ந்தெழுந்தனர். திரை முழுதும் சிவந்தது. மிளகாய் காயப்போட்ட களம்போல் சிவந்தது. பெற்றவன் மேலேயே பாய்ந்தது பெற்ற படை. அவனது ஒற்றைப் பிழையை அத்தனை பேருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டியிருந்தானே, ஊட்டியதைக் கக்கவைக்க ஆளுக்கொரு முறை குனிந்தாக வேண்டும்.

“ஒவ்வொண்ணாத் திருத்தணும்,” என்றான் வசந்தன், குரல் தேய்ந்து.

“நகருங்க,” என்றாள் ஷீபா. நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். இதுகாறும் எதிர்நின்ற வில் இப்போது பக்கத்தில் நின்றது. அவள் வாசிக்க, அவன் திருத்தினான்.

“துணிக்கடை. அப்பா யாரு?”

“இன்.”

“போட்டாச்சு. அடுத்து ஆஸ்பத்திரி. அப்பா?”

“டபிள்யூ... இல்ல, இன்.”

“வாய் இன்னும் திருந்தல.”

ஜெபக்குமார் இருவர்க்கும் ஃபிளாஸ்க் மூடியிலும் தம்ளரிலுமாக டீ ஊற்றிக் கொடுத்து, “இந்தா இன்னொண்ணு பச்சையாயிருச்சு, இந்தா இன்னொண்ணு,” என்று கட்டியம் கூறினார். நாற்று நட்ட வயல்போல், மேலிருந்து கீழாக, வரப்பு வரப்பாகப் பச்சை படர்ந்தது. கடைசிச் சிவப்பு வீரன் ஒருவன் மூலையில் நின்று முறைத்தான். கல்யாண மண்டபத்துக்குக் காவல் நின்றவன் அவன். அவனையும் அப்பன் பெயர் சொல்லி அடக்கினர். ஷீபா நிரலை முதலிலிருந்து ஒருமுறை, தலையைச் சாய்த்து, கல் பொறுக்கும் விழியோடு பார்த்தாள். சின்னமுள் ஆறை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நின்றபோது, அவளது ஆட்காட்டி விரல் இறங்கிற்று. அப்ரூவ்.

சென்னையிலிருந்து மறுவோலை வர வெகுநேரம் ஆகவில்லை. ‘கிடைத்தது. சரியாக இருக்கிறது. அடுத்த வேலை திங்களன்று உங்களுக்கே வரும்’ என்று அது கூறிற்று. ஷீபா விடுதி ரசத்தினின்றும் மீண்டாள். ஜெபக்குமார் இருபக்கமும் ஆட்டிப் பழகிய தலையை அன்றுதான் மேலும் கீழுமாக ஆட்டினார்.

அதன்பின் வசந்தன் வீதியுலா வந்ததை என்னென்று பாடுவோம். இருசக்கரத் தேரை உதைத்து உயிர்ப்பித்து, பின்னால் வந்த டவுன்பஸ் ஊதிய ஒலியைத் தனக்கிட்ட சங்கநாதம் என்றே ஏற்று, ஒதுங்காமல், ஓரம்போகாமல், நடுவீதியில் நிமிர்ந்து ஏகினான். ஓட்டுநர் அவன் பெற்றோரை விளித்து ஏதோ கூறினார். அதையும் விருதாவளியாகவே அவன் செவி வாங்கிற்று. பூக்கடை முன் நின்றான், இரண்டு முழம் வாங்கினான். மாடிப்படியை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாவினான். கதவைத் திறந்து, பூவை உயர்த்தி, கண்ணாடி சரிய, நிலைவாயில் நிறைய நின்று, வெற்றித்தூண் ஒன்று பேசினால் எங்ஙனம் பேசுமோ அங்ஙனம் அறைந்தான்.

“தேவி, சென்னை இல்ல.”

தேவிப்ரியா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் அப்போது அவள் கையில் இருந்த தாளில், ஒளிச்சேர்க்கையை அரையும் குறையுமாக எழுதியிருந்த யாரோ ஒரு பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் நான்காயிற்று. பரண்மேல் இருந்த பெட்டியை ஒருதரம் பார்த்தாள். பிறகு கை நீட்டிப் பூவை வாங்கிக்கொண்டாள்.

“அப்ப திங்கக்கெழம நீங்க இங்கதான இருப்பீங்க? சிலிண்டர் வருதாம். எனக்கு ஸ்கூலு இருக்கு. ஆபீஸ்லேர்ந்து ஒரு எட்டு வந்து வாங்கி வச்சிட்டுப் போயிருங்க.”

திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சிலிண்டர் வந்தது, வசந்த் வாங்கி வைத்தான்.